காய்ச்சல் என்று எழுதிய நாட்கள்

அவளிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டில் இருந்துவிட முடியாது. றக்வான மலையில் அவள் கங்காணியாக இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். காலைப் பெரட்டில் பெண்கள் வரிசையாக நின்று பேர் கொடுப்பார்கள். ஒருத்தி வரவில்லை என்றால் பக்கத்துக் காம்பராக்காரி அவளுக்காகக் குரல் கொடுப்பாள்: "அதுக்குக் காய்ச்சலாம் அக்கா." மற்றக் கங்காணிகள் அதை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வாள். ஆட்களைக் கொழுந்துக்கு ஏற்றிவிட்டு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கிப் போவாள். கதவைத் தட்டுவாள். உள்ளே சுருண்டிருப்பவளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"சூடு இருந்தாக் காய்ச்சல்னு எழுதுவேன். இல்லேன்னா என்னான்னு சொல்லு. எனக்கு அவசரமில்ல, உக்காந்துருக்கேன்."

உட்கார்ந்தும் விடுவாள். வாசற்படியில் காலை நீட்டி, வெற்றிலை மடித்து, வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்திலிருந்து வந்தது.

பல வருடங்களுக்கு முன்னால், யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் நாங்கள் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தோம். அவள் பால் வெட்டுகிறவள். நான் பால் நிறுக்கும் மடுவத்தில் பேர் எழுதுகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்பேன். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. புள்ள. எல்லாவற்றுக்கும் புள்ள.

நல்லதைத் தேடி எடுப்பதில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அட்டை கடித்தால், "கெட்ட ரத்தம் போவட்டும், ஆஸ்பத்திரிக்குப் போனா வரிசையில நிக்கணும்" என்பாள். ஒரு ஆடிக் காற்றில் லயத்துத் தகரம் பறந்து போனபோது, ஓட்டையின் கீழே இடுப்பில் கைவைத்து நின்று மேலே பார்த்தாள். "வெளிச்சமாத்தான் இருக்கு புள்ள. லைட்டு போட வேணாம்." பால் வற்றிப்போன மரத்தைக்கூடத் திட்டமாட்டாள். "இது வெக்கப்படுற மரம். நாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா குடுக்கும்." நிஜமாகவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள். மலைச்சரிவு முழுக்க விடியற்காலை மூட்டத்தில் மரங்கள். அவற்றுக்கு நடுவே, சிரட்டையில் பால் சொட்டுவதற்காக வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்.

இப்படிப்பட்டவளுக்கு அப்படியொருவன் புருசனாக வாய்த்தான். அவனிலும் நல்லதைத் தேடினாள். தேடினால் கிடைக்கவும் செய்தது. அதுதான் கொடுமை.

அவன் பஜாரில் த்ரீவீலர் ஓட்டினான். வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனால் கூலி வாங்கமாட்டான். சிங்களமும் தமிழும் கலந்து, கேட்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி பேசுவான். அவன் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று யாரிடம் சொன்னாலும், "யாரு, அவனா?" என்பார்கள். அவன்தான்.

அடித்த மறுநாள் அவன் வேறு ஆள். விடிந்ததும் பஜாருக்கு ஓடி, பேக்கரி அடுப்பிலிருந்து இறக்கிய, மீன் அடைத்த மாலு பணிஸை சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். நொச்சி இலை போட்டுத் தண்ணீர் காய்ச்சுவான். எந்தக் கை அடித்ததோ அந்தக் கையாலேயே ஒத்தடம் கொடுப்பான். அழுவான். அவள் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துச் சீவிவிடுவான். எங்கள் லயத்தில் எந்தப் புருசனும் எந்தப் பெண்ணுக்கும் தலை சீவிவிட்டதில்லை. அடி வாங்காத நாங்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டிருக்கிறோம். எழுதவே கூசுகிறது. ஆனாலும் உண்மை.

அப்படியொரு மறுநாளில் அவன் ஒரு சின்னச் சீசாவில் சிவப்பு கியூட்டெக்ஸ் வாங்கி வந்தான். பால் வெட்டுகிற கை நகத்தில் அது எத்தனை நாள் தங்கும்? அவள் அதைக் கலண்டரில் பூசினாள். சந்தி நானா கடையில் வருசப் பிறப்புக்குக் கொடுத்த மாதக் கலண்டர். புருசன் அன்பாக இருந்த நாளிலெல்லாம், அந்தத் தேதியின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. மாதம் முடிந்தால் தாளைக் கிழித்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பாள்.

எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். எனக்கு எல்லாம் கேட்கும். கேட்டபோது நான் என்ன செய்தேன்? ரேடியோவைக் கூட்டி வைத்தேன். மறுநாள் பெரட்டில் தோட்டத்து ஐயா அவள் எங்கே என்று கேட்டால், காய்ச்சல் என்று சொல்லிப் பேர்ப் புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். அவள்தான் அப்படி எழுதச் சொன்னாள். எனக்குக் கையெழுத்து அழகு என்று ஐயா பாராட்டுவார்.

அவள் போகாமல் இல்லை. இரண்டு தடவை போனாள். முதல் தடவை, அடி விழுந்து உதடு கிழிந்த உடனேயே தம்பி வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் காலையில் அங்கேயும் மாலு பணிஸ் போய் நின்றது. மத்தியானமே த்ரீவீலரில் திரும்பிவிட்டாள். இரண்டாவது தடவை, மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே மருந்து கட்டிய ஒரு சிங்கள மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "கஹன்னெத் எயா, பெஹெத் தான்னெத் எயா. ஏகய் அமாரு." அடிக்கிறதும் அவன்தான், மருந்து போடுகிறதும் அவன்தான், அதனால்தான் விட்டு வர இவ்வளவு கஷ்டம் என்று. அக்கா இதை என்னிடம் ஒரு பகிடி போலச் சொன்னாள்.

"அந்த மிஸ்ஸிக்கு இன்னும் கல்யாணம் ஆவல போல புள்ள."

சொல்லிவிட்டு, அவன் கொண்டுவந்த இளநீரைக் குடித்துவிட்டு, அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. லயத்துக்கே கேட்கும்படி கத்தினேன். "ஒங்களுக்கு வெக்கமே இல்லயா? இனி செத்தாலும் என் கதவத் தட்டாதீங்க!" மற்றப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர்ப் பீலியில் அவள் குடத்தோடு வந்தால் நாங்கள் விலகிக்கொள்வோம். அவளைத் திருத்துகிறோம் என்று நினைத்தோம். உலகத்தில் அவளோடு பேசுவதற்கு அவன் ஒருத்தனை மட்டும் மிச்சம் வைத்தோம். அவனே நினைத்திருந்தாலும் இத்தனை சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

நான்கு மாதம் அப்படிப் போனது. பிறகு அந்த மழை வந்தது.

மழை நாளில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் வழி தெரியாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்று பெரட்டு முடிவதற்குள் பிடித்துக்கொண்டது. எல்லோரும் லயத்துக்கு ஓட, நான் மடுவத்தில் தனியாகப் பேர்ப் புத்தகத்தோடு ஒதுங்கி நின்றேன். தலையில் உரச் சாக்கை மாட்டிக்கொண்டு அவள் ஏறி வந்தாள். மடியிலிருந்து பொலித்தீனில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கலண்டர் தாள்கள்.

"ஒன்கூடப் பேசாம இருக்க முடியல புள்ள" என்றாள். "அவரு நல்லவருன்னு தெரிஞ்சா நீ பேசுவதானே? பாரு. எத்தன பொட்டுன்னு எண்ணிப் பாரு. கெட்ட மனுசனா இருந்தா இத்தன பொட்டு விழுமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"ஒம் பொஸ்தகத்தயும் எடு. நான் எத்தன நாளு வேலைக்கி வந்துருக்கேன்னு பாரு. வீட்டுல நிம்மதி இல்லாதவ இப்புடி வருவாளா? நான் தேதி சொல்றேன், நீ பாத்துச் சொல்லு."

சரி, பார்ப்போம் என்று வீம்பாகப் புத்தகத்தைத் திறந்தேன். அவள் பொட்டில் விரலை வைத்து வாசித்தாள்.

"மார்ச்சு பத்து."

"காய்ச்சல்."

"அது ஒண்ணு. மார்ச்சு இருவத்தாறு."

"காய்ச்சல்."

"ஏப்ரல் பதினேழு."

விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போய் நின்றேன். "காய்ச்சல்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். மே. ஜூன். தேதியை வாசிக்கிற அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. பதில் சொல்கிற என் குரலும். தகரத்தில் மழை கொட்டியது. ஒரு பொட்டுக்கூடத் தவறவில்லை. அவள் சிவப்பு வைத்த ஒவ்வொரு நாளிலும் நான் என் அழகான கையெழுத்தில் காய்ச்சல் எழுதியிருந்தேன். காய்ச்சல் எழுதாத நாளில் ஒரு பொட்டும் இல்லை. அடிக்காமல் அவன் ஒருநாளும் அன்பாக இருந்ததில்லை.

கடைசித் தாள் வரைக்கும் அவளே வாசித்து முடித்தாள். நான் போதும் என்றபோதும் நிறுத்தவில்லை. பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைத் தட்டி ஒழுங்காக்கினாள்.

"எனக்கு இத்தன காய்ச்சலா புள்ள?" என்றாள்.

"நான் எழுதியிருக்கக் கூடாதுக்கா" என்றேன். அவள் என் தலையில் கைவைத்தாள். என்னைத் தேற்றினாள்! அந்த நேரத்திலும், அவள்!

அன்றைக்கே போய்விட்டாள் என்று எழுத ஆசைதான். போகவில்லை. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கால் நடந்துவிடுமா? மூன்று கிழமை போனது. அவளுடைய அடுப்பு எரிந்தது, அவனுக்குச் சோறு போனது, நாங்கள் பீலியில் பேசிக்கொண்டோம். ஒன்று மட்டும் மாறியிருந்தது. நான் ரேடியோவை ஊரிலிருந்து வந்த மச்சானிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாலாவது கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டபோது, ஓடிப் போய் அவர்கள் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். லயமே வெளியே வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. சத்தம் மட்டும் நின்றது.

மறுநாள் காலை பெரட்டில் அவள் இல்லை. பழக்கத்தில் என் கை காய்ச்சல் என்று எழுதிவிட்டது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கமாகக் காலை இழுத்து நடந்து மடுவத்துக்கு வந்தாள். வாளி இல்லை. கையில் ஒரு ஷொப்பிங் பை. கன்னத்தில் வீக்கம். வாயோரத்தில் பணிஸ் துகள்.

"புள்ள, அத வெட்டு."

"எதக்கா?"

"காய்ச்சல. வெட்டிப்புட்டு, அவ போயிட்டான்னு எழுது."

வரிசையில் நின்ற பெண்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள். நான் வெட்டினேன். போயிட்டாங்க என்று எழுதினேன். அழகாக வரவில்லை. அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான்.

பெரிய ரோட்டால் போனால் பஜாரில் அவன் த்ரீவீலர் நிற்கும். றப்பர் மலைக்குள்ளால் குறுக்கே இறங்கினோம், பை என் தோளில். அவள் வெட்டுகிற மரங்கள்தான் வழியெல்லாம். போகிறபோக்கில் ஒவ்வொன்றையும் தொட்டாள்.

"ஏன்க்கா இன்னைக்கு? அவரு ஒத்தடம் போட்டு, எல்லாம் வாங்கிக் குடுத்த அன்னைக்கா?"

"முன்ன ரெண்டு தரமும் அடிச்ச கையோட போனேன் புள்ள. மறுநாளு மாலு பணிஸோ எளநியோ கொண்டாந்து நீட்டுனாரு, திரும்பிட்டேன். இந்தத் தரம் அதையும் தின்னுட்டே போறேன். இனி எதக் காட்டி என்னயத் திருப்புறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீங்கிய பக்கம் வலித்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சிரித்தாள். பஸ் வந்தது.

றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய சின்னம்மா வீடு. அங்கிருந்து முதல் போன் மூன்றாம் நாளே வந்தது. அந்த வளைவுப் பாதையில் நாலு தடவை வாந்தி எடுத்தாளாம். "வயிறு சுத்தமாயிருச்சி" என்றாள். பிறகு அழுதாள்.

"ஒடம்பு தேடுது புள்ள. அடியத் தேடல. அதுக்கு மறுநாளத் தேடுது. தல சீவிவிடுவாருல்ல, அத. அவரு நம்பரு மனப்பாடமா இருக்கு. வெரலு தானாப் போவுது."

பழைய நானாக இருந்தால் கத்தியிருப்பேன். இந்தத் தடவை பேர்ப் புத்தகத்தை எடுத்தேன்.

"அக்கா, படிக்கட்டா?"

"...படி."

"மார்ச்சு பத்து, காய்ச்சல். மார்ச்சு இருவத்தாறு, காய்ச்சல்."

கடைசி வரிக்கு வந்தேன். வெட்டிய கோடு. போயிட்டாங்க. அந்தப் பக்கம் அழுகை அடங்கியது. "சரி வெய்யி, சின்னம்மாகூடக் கொழுந்துக்குப் போவணும்" என்றாள்.

அதன் பிறகு அவனை அழைக்க விரல் போனபோதெல்லாம் என்னை அழைத்தாள். "படி புள்ள" என்பாள், வணக்கம்கூடச் சொல்லாமல். ஒரு நாளில் மூன்று தடவைகூடப் படித்திருக்கிறேன். நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில், பிறகு மனப்பாடமாகி அடுப்படியில், பஸ்ஸில் நின்றுகொண்டு. பொய்யாக எழுதிய அந்த வரிகளை உரத்து உரத்துப் படித்தே அவளுக்கு மருந்தாக்கினோம். பிறகு நாளுக்கு ஒன்று. பிறகு கிழமைக்கு ஒன்று. ஒரு மாதம் போனே இல்லை. பயந்துபோய் நானே அழைத்தேன். "மறந்தே போயிட்டேன் புள்ள" என்றாள். "இங்க ஒருத்திக்குப் பூமுடிப்பு, பலகாரம் சுட்டுக்கிட்டுருக்கோம்."

அந்த மறதியை ஒரு நோன்பு முடிந்ததுபோல நான் கொண்டாடினேன்.

தீபாவளிக்கு முன்னால் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளும் அவளோடு கொழுந்து எடுக்கும் நாலைந்து பெண்களும் துணி எடுக்கக் கொடகவெல டவுனுக்குக் கிளம்ப, நானும் போனேன். சாமான்களோடு பஸ் ஹோல்ட்டில் நின்றோம். ரோட்டைக் கடந்து அவன் வந்தான். யார் சொல்லித் தெரிந்துகொண்டானோ. மெலிந்திருந்தான், சவரம் செய்திருந்தான், கண் கலங்கியிருந்தது. என் மனதே ஒரு கணம் இளகியது. அப்படியென்றால் அவள் மனது?

அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது.

"வா, வீட்டுக்குப் போவம்" என்றான். "ஒங் கையால ஒரு தேத்தண்ணி குடிச்சி எத்தன மாசமாச்சி." சட்டைக்குள்ளிருந்து கடதாசிப் பையை எடுத்து நீட்டினான். மாலு பணிஸ். வாசம் அடித்தது.

அவள் பையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அடிக்காமலே வாங்கிட்டு வந்துருக்கீங்க" என்றாள்.

"என்னா?"

"எப்பவும் அடிச்சதுக்கு மறுநாளுதான இது வரும்? இன்னைக்கு முந்திக்கிட்டு வந்துருக்கு. அப்ப அடி நாளைக்கா?"

ஹோல்ட்டில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒருத்தி, பெரிய உடம்புக்காரி, சொன்னாள்: "அக்காவுக்கு அட்வான்சு குடுக்குறாரு போலடி!" குபீரென்று சிரிப்பு. தமிழ் தெரியாத ஒரு சிங்கள அம்மாகூட என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தாள்.

அவன் வலது கை தோள் வரைக்கும் உயர்ந்துவிட்டது. பட்டப்பகலில், அத்தனை பேருக்கு முன்னால், தானாக. அவனே அதைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்த்தோம். அவள் பின்வாங்கவில்லை. கையை அல்ல, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தார்கள். கை இறங்கியது. அவன் போனான். ரோட்டைக் கடக்கும்போது பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் அசைந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, புதுச் சேலைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவினேன். ஒரு பஸ் போனது. மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, எதிர்க் கடையைப் பார்த்தாள்.

"பசிக்குது புள்ள. அந்தா பேக்கரி. எல்லாருக்கும் மாலு பணிஸ் வாங்கிட்டு வா."

"அதயா?"

"அது என்னா பாவம் பண்ணிச்சி? எனக்குப் புடிக்கும்."

ஆறு பேரும் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு தின்றோம். அவள் இரண்டு தின்றாள். விரலை நக்கிக்கொண்டு, "இதுக்கு முந்தின நாளுன்னு ஒண்ணும் இல்ல பாரு" என்றாள்.

நல்லதைத் தேடுகிற அந்தக் குணம் அவளை விட்டுப் போகவில்லை. நான் பயந்தது அதற்குத்தான், அவனோடு சேர்த்து அதையும் அவள் வெட்டி எறிந்துவிடுவாளோ என்று. அவள் சுவரில் இப்போதும் கலண்டர் தொங்குகிறது. பொட்டு இல்லை. தோட்டத்தில் பெண்களையும் கங்காணியாகப் போடத் தொடங்கியபோது முதலில் அவளைத்தான் கேட்டார்கள். பேர்ப் புத்தகம் கையில் வந்த அன்று எனக்குப் போன் எடுத்தாள். "நான் ஒன்னய மாதிரி அழகா எழுத மாட்டேன் புள்ள" என்றாள். "ஆனாத் தொட்டுப் பாத்துட்டு எழுதுவேன்."

போன மாதம் அவர்கள் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். என்னால் போக முடியவில்லை. நான் இப்போது இருக்கும் கேகாலையிலிருந்து போன் எடுத்து, "வர முடியாதுக்கா, காய்ச்சல்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். கோபம் போல என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. பஸ் மாறி மாறி, மலையிறங்கி, தலைமுடியெல்லாம் நரைத்து, காதில் பென்சிலோடு நின்றாள். வாங்கக்கா என்று சொல்லக்கூட விடவில்லை. நேராக வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்து, என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்தைத் தொட்டாள். மறுபடி நெற்றி. பிறகு அவள் முகம் முழுக்க மலர்ந்தது.

"அடியே! நெசமாவே காய்ச்சல்தான்டி!"

தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். என் காய்ச்சலை அத்தனை சந்தோசமாக யாரும் கொண்டாடியதில்லை.